செல்லாத ஈவன்டும் மூலப்பத்திரமும்

நாகர்கோவிலில் நண்பர்கள் சிலர் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்வதற்காக ஒரு மேட்ரிக்ஸ் சர்வர் நடத்தி வருகிறேன். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. மாடி அறையில் ஒரு பழைய கணினி, பக்கத்தில் யுபிஎஸ், கணினிக்குள் சினாப்ஸ் என்ற மேட்ரிக்ஸ் சர்வர் மென்பொருளும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும். வாட்ஸ்அப் இருக்கையில் இது எதற்கு என்று கேட்காத உறவினர் கிடையாது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. மேட்ரிக்ஸில் செய்தி, சேர்க்கை, தடை என்று நடக்கும் ஒவ்வொன்றும் ஓர் ஈவன்ட். இன்னொரு சர்வரிலிருந்து விதிக்குப் பொருந்தாத ஈவன்ட் ஒன்று வந்து இறங்கினால் நம் சர்வர் அதை என்ன செய்ய வேண்டும்?

தப்பாக இருந்தால் தூக்கி எறிய வேண்டியதுதானே என்று தோன்றும். எல்லா சர்வரும் ஒரே கம்பெனியுடையவை என்றால் அது போதும். மேட்ரிக்ஸ் அப்படி அல்ல. 2014-இல் தொடங்கிய இந்தத் திறந்த நெறிமுறையில், அதாவது சர்வர்கள் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பில், ஓர் அறை (குழு உரையாடல்) ஏதோ ஒரு சர்வரில் மட்டும் குடியிருப்பதில்லை. அந்த அறையில் ஓர் உறுப்பினராவது உள்ள ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. எது செல்லும், எது செல்லாது என்பதையும் தானே தீர்மானித்துக்கொள்கிறது. மேல்முறையீட்டுக்கு ஆள் இல்லை. பிரெஞ்சு அரசு ஊழியர்களின் செயலியும் ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சரும் இதே நெறிமுறையில்தான் ஓடுகின்றன. என் மாடி அறைப் பெட்டிக்கும் அதே விதிகள்தான், அதே சுதந்திரம்தான்.

ஆகவே, இந்த ஈவன்ட் தப்பா என்று கேட்டால் மட்டும் போதாது. மற்ற எல்லா சர்வரும் இதைத் தப்பு என்றே சொல்லுமா, ஒரே காரணத்துக்காகச் சொல்லுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு சர்வர் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அறை அந்த இடத்திலிருந்து பிளக்கத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒருவர் அறையில் இருப்பதாக இந்தப் பக்கமும், இல்லை என்று அந்தப் பக்கமும் சத்தியம் செய்யும்.

காரணம், ஈவன்டுகள் தனித்தனியாக வருவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் எவை இருந்தன என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அது போக, இதை அனுப்ப எனக்கு என்ன உரிமை என்பதற்கும் சில பழைய ஈவன்டுகளைச் சுட்டுகிறது: அறையை உருவாக்கிய ஈவன்ட், நான் உள்ளே சேர்ந்த ஈவன்ட், யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று சொல்லும் ஈவன்ட். எங்கள் மாவட்டத்தில் இடம் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூலப்பத்திரம்தான் அது. இன்ன எண் பத்திரப்படி எனக்குப் பாத்தியப்பட்டது என்று ஒவ்வொரு பத்திரமும் முந்தியதன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், பின்னோக்கிப் போகப் போக ஓரிடத்தில் எழுத்தே மலையாளமாகிவிடும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய ஆதாரங்களை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தவர்கள் உண்டு. நடுவில் ஒரு பத்திரம் செல்லாது என்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவதால் தீராது. அதை நம்பி அதற்குப் பிறகு எழுதப்பட்டவை இருக்கின்றன, அவற்றையும் ஏதாவது செய்தாக வேண்டும். மேட்ரிக்ஸில் இந்தத் தலைவலிதான், மில்லி விநாடிக் கணக்கில்.

நெறிமுறை இதற்கு மூன்று வகை மறுப்பு வைத்திருக்கிறது. எல்லாம் ஒரே 'எரர்' இல்லை என்பதை இங்கேதான் கவனிக்க வேண்டும்.

வந்து சேரும் ஈவன்ட் முதலில் அந்த அறை பின்பற்றும் விதிகளின் பதிப்புக்குரிய வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கப்படும். இல்லையென்றால் டிராப், வரவே இல்லை என்று பாவிக்க வேண்டும். அடுத்து, அனுப்பிய சர்வரின் டிஜிட்டல் கையொப்பம் சரியா. இல்லையென்றால் அதுவும் டிராப். மூன்றாவதாக உள்ளடக்கத்தின் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண். இங்கே ஒரு திருப்பம்: ஹேஷ் பொருந்தாவிட்டால் ஈவன்டை எறிவதில்லை. உள்ளடக்கத்தை உரித்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகிறது. கையொப்பம் அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் போடப்படுகிறது என்பதால் இது முடிகிறது. யாராவது முறைப்படி அழித்த செய்தி ஒன்று வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி வந்தால் உள்ளடக்கம் இல்லாமல்தான் வரும், ஹேஷ் பொருந்தாது. அதை மோசடி என்று எறிந்தால் நேர்மையான வரலாற்றிலேயே ஓட்டை விழும். இதை வடிவமைத்தவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அப்புறம் உரிமைச் சோதனை, அதுவும் மூன்று முறை. ஈவன்ட் தானே காட்டும் மூலப்பத்திரங்களின்படி இதை அனுப்ப உரிமை இருந்ததா? இது எழுதப்பட்ட இடத்தில் அறை இருந்த நிலையின்படி, அதாவது அப்போது யார் உறுப்பினர், யாருக்கு என்ன அதிகாரம் என்பதன்படி, உரிமை இருந்ததா? இந்த இரண்டில் எதில் தோற்றாலும் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனதை சர்வர் பயனர்களுக்குக் காட்டாது, தன் புதிய ஈவன்டுகளில் அதைச் சுட்டாது. ஆனால் வேறொரு சர்வரின் நல்ல ஈவன்ட் ஒன்று இதைத் தன் முன்னோடியாகச் சுட்டிக்கொண்டு வந்தால், அந்த ஒரே காரணத்துக்காக அதை மறுக்கக் கூடாது. தகப்பன் செய்ததற்கு மகனைத் தண்டிப்பதில்லை. ரிஜெக்ட் ஆனது அறையின் நிலையை மாற்றப் பார்த்திருந்தால் அந்த மாற்றத்தை மட்டும் கணக்கில் சேர்க்காமல் மேலே போக வேண்டும்.

மூன்றாவது உரிமைச் சோதனை, இப்போது அறை இருக்கும் நிலையை வைத்து. அதில் மட்டும் தோற்றால் சாஃப்ட் ஃபெயில்: சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளும், பயனர்களுக்குக் காட்டாது. எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே பிடித்ததும் இதுதான், எரிச்சலூட்டுவதும் இதுதான்.

ஒருவரை அறையிலிருந்து தடை செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் சர்வரைத் தானே நடத்துகிறார். தடைக்கு முந்தைய ஈவன்டைத் தன் முன்னோடி என்று சுட்டி இன்று ஒரு செய்தி எழுதி அனுப்புகிறார், பழைய முத்திரைத்தாளில் முன்தேதியிட்டு எழுதுவதைப் போல. மூலப்பத்திரம் சரி, அந்த இடத்து நிலையும் சரி, இரண்டு சோதனையிலும் தேறிவிடுகிறது. இப்போதைய நிலையில்தான் மாட்டுகிறது. இந்த வித்தையைத் தடுக்கத்தான் சாஃப்ட் ஃபெயில் வந்தது. ஆனால் நேர்மையாகத் தாமதமான செய்தியும் இதே முகத்தோடுதான் வந்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய நெறிமுறைக்கு வழியே இல்லை.

எங்களுக்கு நடந்தது அதுதான். ஐப்பசி மழையில் இடி விழுந்து எங்கள் தெருவில் இணையம் போய்விட்டது. சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, அதே வைஃபையில் இருந்தவர்களுக்கு எல்லாம் வழக்கம்போல் தெரிந்தது. தக்கலைக்காரரான நண்பர் ஒருவர் அன்று என் வீட்டில்தான் இருந்தார். பேச்சிப்பாறைத் தண்ணீர் திறப்பு பற்றி ஒரு பொது அறையில் நீளமாக எழுதிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் வெளியூர் சர்வர் ஒன்றிலிருந்த அறை நிர்வாகி, சண்டை முற்றியதைப் பார்த்து, இனி நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று அதிகார அளவை உயர்த்திவிட்டார். இணையம் திரும்பி வந்ததும் எங்கள் சர்வர் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அனுப்பியது. ஒவ்வொன்றும் எழுதப்பட்ட இடத்தில் செல்லுபடியானது. மற்ற சர்வர்களின் இப்போதைய நிலையில் செல்லாதது. எல்லாம் சாஃப்ட் ஃபெயில்.

இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"என்னடே, நான் அவ்வளவு எழுதிப் போட்டேன், ஒருத்தனும் வாசிக்கல்லியா? இல்ல வாசிச்சிட்டு மிண்டாம இருக்கானுவளா?"

"அங்க போய்ச் சேந்துச்சு அண்ணே. ஆனா அவங்க சர்வர் யாருக்கும் காட்டாது."

"போய்ச் சேந்துச்சு, ஆனா காட்டாது. இது என்ன கணக்குடே?"

அவர் திரையில் செய்தி பளிச்சென்று இருக்கிறது. உலகத்துக்கு அது இல்லை. செய்தி மறுக்கப்பட்டது என்று எழுதியவருக்குச் சொல்ல நெறிமுறையில் எந்த ஏற்பாடும் கிடையாது. மறுப்பு சரியானதுதான், ஆனால் மறுத்ததைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்பது என் கட்சி. தடை செய்யப்பட்ட வம்பனுக்கு விவரம் சொல்லக் கூடாது என்ற எதிர்வாதம் எனக்குத் தெரியும். வம்பன் இன்னொரு கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்வான். தெரியாமல் தவிப்பது தக்கலை அண்ணன்தான்.

சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலாவது சொல்லிக்கொள்கிறார்களா என்றால், பாதி. ஈவன்டுகள் கட்டுக்கட்டாகப் போகின்றன. ஒரு கட்டில் நிலையான ஈவன்ட் 50, 'டைப் செய்கிறார்', 'படித்துவிட்டார்' போன்ற நிலையற்றவை 100, அதற்கு மேல் கூடாது. கட்டுக்குள் ஒன்று செல்லாதது என்பதற்காகக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. பெற்றுக்கொண்டேன் என்று 200 பதில் கொடுத்து, எந்த ஈவன்டில் என்ன கோளாறு என்று உள்ளே குறிப்பிடலாம். இந்த விதியை மீறி யாராவது 500, அதாவது என் சர்வரில் கோளாறு, என்று பதில் சொல்லிவிட்டால் அனுப்பியவர் அதே கட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவார், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே. பின்னால் நிற்கும் நல்ல செய்திகள் எல்லாம் ஒரு கெட்டதுக்காகக் காத்துக் கிடக்கும். ஆனால் அந்த 200-க்குள் இருக்கும் குறிப்பையும் பெரிதாக நம்ப முடியாது. சினாப்ஸ் இப்போதெல்லாம் வந்ததை ஒரு அட்டவணையில் இறக்கி வைத்துவிட்டுப் பதில் சொல்லிவிடும்; உரிமைச் சோதனையெல்லாம் அதற்கு அப்புறம்தான். கோளாறு தெரியவரும்போது சொல்ல வேண்டிய ஆள் போன் வைத்தாயிற்று.

இதுவரை சொன்னது விதிப்படி செல்லாதவை. இவற்றை விட மோசமான ஒரு வகை உண்டு. விதிப்படி சரியாக இருக்கும், என் சர்வரால்தான் தாங்க முடியாது. அல்லது தப்பாக இருக்கும், என் சர்வர் அதைக் கவனிக்காமல் உள்ளே விட்டிருக்கும்.

2018 மே 1 அன்று சினாப்ஸ் 0.28.1 அவசரமாக வந்தது. ஒவ்வொரு ஈவன்டிலும் 'டெப்த்' என்று ஓர் எண் இருக்கும், அறை வரலாற்றில் இது எத்தனையாவது ஆழம் என்று சொல்ல. யாரோ அதில் 2-இன் 63-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணை, அதாவது அந்தப் பெட்டியில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண்ணைப் போட்டு அனுப்பினார்கள். அடுத்து வருபவன் இதோடு ஒன்று கூட்ட வேண்டும். கூட்ட இடம் இல்லை. அறை முடங்கியது.

2020-இல் இன்னொன்று, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-26890. ஈவன்டுகள் எழுதப்படும் தரவு வடிவம் ஜேசான். பைத்தான் மொழியின் ஜேசான் நூலகம் 'நேன்', 'இன்ஃபினிட்டி' போன்ற, எண்ணே அல்லாத எண்களை வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும், திருப்பியும் எழுதும். ஜேசான் விதியில் அவற்றுக்கு இடமே கிடையாது. 1.20.0-க்கு முந்தைய சினாப்ஸ் உறுப்பினர் ஈவன்டுகளில் அவற்றை அனுமதித்துவிட்டது. சினாப்ஸுக்குப் பிரச்சினை இல்லை. பிரவுசரில் இருக்கும் செயலி அதை வாசிக்கத் திணறும், விதியைக் கறாராகப் பார்க்கும் மற்ற சர்வர்களும் திணறும். இதில் கவனிக்க வேண்டியது, சர்வரைப் புதுப்பித்தாலும் நோய் தீராது என்பது. ஏற்கெனவே அறையின் நிலைக்குள் அமர்ந்துவிட்ட ஈவன்டை ஒருவர் கையால்தான் நீக்க வேண்டும். ஒருமுறை செல்லும் என்று பதிவு செய்துவிட்டால் அது எல்லா சர்வரின் மூலப்பத்திரக் கட்டிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

2025 மார்ச்சில், 1.127.0 வரையான சினாப்ஸ்களை மற்ற சர்வர்களோடு பேசவே விடாமல் செய்யும் ஈவன்டுகளைத் தயாரிக்க முடிந்தது, நிஜமாகவே யாரோ அதைச் செய்தும் விட்டார்கள். 1.127.1-க்கு மாறிய பிறகுதான் ஓய்ந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு நெறிமுறையில் இன்னும் இப்படி நடக்கிறது என்றால் எழுதியவர்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. தெரியாத ஊரிலிருந்து வரும் தெரியாத ஜேசானை வாங்குவது அவ்வளவு கஷ்டம்.

தாங்க முடியாத வகைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பூஜ்ய எழுத்து, அதாவது கண்ணுக்குத் தெரியாத, பூஜ்யம் என்ற எண் கொண்ட குறியீடு. ஜேசானில் அது முறைப்படி செல்லும். போஸ்ட்கிரெஸில் எழுத்துகளுக்கான புலத்தில் அதை வைக்க முடியாது, தரவுத்தளம் மறுத்துவிடும். இந்த ஈவன்ட் செல்லாததா? இல்லை. என் கிடங்கில் இடமில்லை, அவ்வளவுதான். செத்துப்போன சர்வரின் கையொப்பமும் இப்படித்தான். நண்பர் ஒருவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டார், சர்வர் போயிற்று. அவர் பழைய ஈவன்டுகளின் கையொப்பத்தைச் சரிபார்க்க சாவி வேண்டும். சாவியை முன்பே வாங்கி வைத்திருந்த சர்வருக்கு அவை செல்லும். புதிதாக அறைக்கு வரும் சர்வர், சாவியை நினைவில் வைத்திருக்கும் மூன்றாவது சர்வர் யாராவது கிடைத்தால்தான் பிழைத்தது. இல்லாவிட்டால் கையொப்பம் தேறாது, டிராப். ஒரே ஈவன்ட், ஒரே விதி, இரண்டு தீர்ப்பு.

'செல்லாது', 'என்னால் இப்போது சொல்ல முடியாது' என்ற இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் பெரும்பாலான பிளவுகளின் வேர் என்று நினைக்கிறேன். முதலாவது நிரந்தரத் தீர்ப்பு, எல்லோரும் அதையே சொல்வார்கள். இரண்டாவது என் சங்கடம். அதைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு மறுபடி பார்க்க வேண்டும். சர்வர் மென்பொருள் எழுதுகிறவர்கள் 'எக்ஸப்ஷன்' (நிரல் இடையில் தடுமாறி நிற்பது) வந்ததும் ரிஜெக்ட் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நினைவகம் தீர்ந்ததால் வந்த எக்ஸப்ஷன்கூட அந்த அறையில் ஒருவரின் உறுப்பினர் உரிமையைப் பறித்துவிடலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு நேரடியாகப் படும் ஒன்றும் இருக்கிறது. ஈவன்டின் மொத்த அளவு 65,536 பைட். அனுப்புநர், வகை, நிலைச்சாவி (அறை நிலையில் எந்தப் பதிவு என்று சொல்லும் பெயர்) போன்ற புலங்கள் ஒவ்வொன்றும் 255 பைட். எழுத்துக்கணக்கு அல்ல, பைட் கணக்கு. 'கன்னியாகுமரி' என்பதில் நாம் எண்ணினால் 7 எழுத்து. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக வைக்கும் யுனிகோடில் 12 குறியீடு. அவற்றைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 36 பைட். 255 பைட்டுக்குள் தமிழில் 85 குறியீடுதான் அடங்கும். சினாப்ஸோ நெடுநாளாக இந்தப் புலங்களில் பைட்டுக்குப் பதில் குறியீடுகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றேதான், யாருக்கும் தெரியாது. 100 குறியீடு நீளத்தில் ஒரு தமிழ் நிலைச்சாவி வந்தால் அன்றைய சினாப்ஸுக்குச் செல்லும், விதியை எழுத்துக்கு எழுத்து பார்க்கும் இன்னொரு சர்வருக்குச் செல்லாது.

சரி, பிழை தெரிந்ததும் திருத்திவிடலாமே? முடியாது. பழைய அறைகளில் அப்படிப்பட்ட ஈவன்ட் ஏற்கெனவே இருந்தால், இன்று விதியை இறுக்கியதும் நேற்று செல்லுபடியானது இன்று செல்லாததாகி அறை உடையும். அதனால்தான் அறைக்குப் பதிப்பு எண் வைத்திருக்கிறார்கள். விதி மாறினால் புதிய பதிப்பில் மட்டும் மாறும். 6-ஆம் பதிப்பிலிருந்து ஜேசான் கறாராகப் பார்க்கப்படும், தசம எண்கள் கூடாது. அதற்கு முந்தைய அறைகளில் அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த 12-ஆம் பதிப்பில் அறையின் அடையாளமே அதை உருவாக்கிய ஈவன்டின் ஹேஷ் ஆகிவிட்டது.

நெட்வொர்க் படித்தவர்களுக்கு ஒரு மந்திரம் சொல்லித் தரப்படும்: அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு. ஜான் போஸ்டல் 1980-இல், இணையத்தின் அடிப்படைகளில் ஒன்றான டிசிபி நெறிமுறையின் ஆவணத்தில் எழுதியது. இரண்டு கணினிகள் பேசிவிட்டுப் பிரிந்து போகும் உலகத்துக்கு அது நல்ல புத்தி. வாங்கியதை என்றென்றும் வைத்துக்கொண்டு, அதன் மேல் அடுத்ததைக் கட்டி, மற்றவர்களுக்கும் கொடுக்கும் இடத்தில் தாராளம் ஆபத்து. நான் தாராளமாக வாங்கியதை அடுத்த சர்வர் கறாராக மறுத்தால் தண்டனை என் பயனருக்கு. 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9413 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்தப் பழைய புத்தியை மறுபரிசீலனை செய்கிறது. சகித்துப் போகச் சகித்துப் போகப் பிழைகளே வழக்கமாகிவிடும் என்கிறது. பத்திர எழுத்தர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் சர்வரில் இப்போதைக்குச் செய்திருப்பது சாதாரண வேலைதான். பதிவேட்டில் டிராப், ரிஜெக்ட், சாஃப்ட் ஃபெயில் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன். எங்கள் பயனர் யாராவது என்னைக் கேட்டால், எதிர்ப் பக்க சர்வரின் நிர்வாகி பழக்கமானவர் என்றால் ஈவன்ட் ஐடியைக் கொடுத்து அங்கே என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறேன். பெரும்பாலும் பதில் கிடைக்கிறது. பழைய பதிப்பு அறைகளைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறேன். மாற்றுவது என்றால் பழைய அறைக்குப் பூட்டுப் போட்டுப் புதிய அறைக்கு வழிகாட்டிப் பலகை வைப்பது. எல்லோரும் ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் வரமாட்டேன் என்கிறார், பழைய அறையில்தான் தன் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றனவாம். புதிய அறையிலிருந்து ஒரு தட்டில் அங்கே போய் வாசிக்கலாம் சார் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அடுத்த ஞாயிறு நேரில் போய் அவர் போனிலேயே செய்து காட்டுவதாக இருக்கிறேன்.